புது மியூசிக் பிளேயருக்கு 32 ஜிபி கார்டே போதும்

டூருக்காக வாங்கிய புது மியூசிக் பிளேயரில் பாட்டு ஏற்ற 32 ஜிபி மெமரி கார்டே வாங்குங்கள். 64, 128 என்று போக வேண்டாம்.

32 ஜிபி வரையிலான கார்டுகள் பொதுவாக ஃபேட்32 என்ற, கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில் வரும். 64 ஜிபியிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு முறை. விலை குறைந்த பிளேயர்கள் பல இந்த எக்ஸ்ஃபேட்டைப் படிப்பதில்லை. கார்டு உள்ளே இருந்தும் திரையில் ‘நோ கார்டு’ என்றே காட்டும். நடுவழியில், பின்சீட்டில் பிள்ளைகள் பாட்டுக் கேட்டு நச்சரிக்கும்போது இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

இடம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். 128 கேபிபிஎஸ் (பாட்டின் தர அளவு, எண் கூடினால் தரமும் ஃபைலின் அளவும் கூடும்) எம்பி3-யில் ஒரு நிமிடப் பாட்டு சுமார் 1 எம்பிதான். ஐந்து நிமிடப் பாட்டுகள் ஆறாயிரம் தாராளமாக அடங்கும், கிட்டத்தட்ட 500 மணி நேரம்! ஓடும் வண்டியின் இரைச்சலில் இதற்கும் 320 கேபிபிஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழுவது அபூர்வம்.

பிளேயரின் கையேட்டில் எக்ஸ்ஃபேட் ஓடும் என்று போட்டிருந்தால் பெரிய கார்டே வாங்கலாம். அப்புறம், வீட்டில் அமைதியாக, நல்ல ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் தரத்தைக் குறைக்காதீர்கள். அங்கே வித்தியாசம் தெரியும்.