அறுபதுகளின் நடுப்பகுதிப் பாப் பாடல்களை மீண்டும் கேட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி

1964 முதல் 1966 வரை வெற்றிப் பட்டியல்களில் இடம்பெற்ற ஆங்கிலப் பாப் பாடல்களை மறுபடியும் கேட்டு, அவற்றுள் தமக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர், ஒரு பாடலைக்கூடக் கேட்பதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, நினைவில் நிற்கும் இருபது பாடல்களை அப்படியே எழுதி, தேதியிட்டு, மடித்து ஓரிடத்தில் வைத்துவிட வேண்டும். இதை நான் நினைவுப் பட்டியல் என்கிறேன். பிறகு காதால் கேட்டுத் தயாரிக்கும் பட்டியல் வேறு. இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்து வைக்காவிட்டால், பாட்டு நன்றாக இருக்கிறதா, அல்லது அதைக் கேட்ட வயது நன்றாக இருந்ததா என்பதைக் கடைசிவரை பிரித்தறிய முடியாது.

எனக்கு அந்த வயது பன்னிரண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த மேகசின் பாரக்ஸில் எங்கள் வீடும் இருந்தது. அங்கிருந்து புறநகரான சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்ந்தபோது மாமா பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டு, டிரான்சிஸ்டரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி 1976 ஜனவரியில்தான் வந்தது என்பதால், அந்த ஆண்டுகளின் பாடகர்களுக்கு எங்களிடம் முகம் இல்லை, குரல் மட்டுமே இருந்தது. மொசாம்பிக்கின் லொரென்சோ மார்க்கெஸ் நகரத்திலிருந்து, அதாவது இன்றைய மாபுட்டோவிலிருந்து, சிற்றலையில் வந்த எல்.எம். ரேடியோவின் ஞாயிற்றுக்கிழமை ஹிட் பரேடைக் கேட்க மாமா ஆன்டெனாவை ஜன்னல் கம்பியில் கட்டிவைப்பார். நல்ல இடத்தில் ஒலி தேய்ந்து, மறுபடி எழும். இன்றும் சில பாடல்களில் அந்தத் தேய்வு வரவேண்டிய இடத்தில் அது வராதபோது எனக்கு ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது. நினைவுப் பட்டியலைத் தனியே வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

அடுத்ததாக, எந்த நாட்டுப் பட்டியலைப் பின்பற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்டு முதல் வெளிவருகிறது. அது இசைத்தட்டு விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. பிரிட்டனில் அக்காலத்தில் ஒரே அதிகாரப்பூர்வப் பட்டியல் என்று ஒன்று இருக்கவில்லை. பல பத்திரிகைகள் தனித்தனியே கடைகளைக் கேட்டுத் தொகுத்தன. அதனால் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'நைன்டீன்த் நெர்வஸ் பிரேக்டவுன்' 1966இல் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் முதல் இடத்திலும், ரெக்கார்ட் ரீடெய்லர் பத்திரிகையில் இரண்டாம் இடத்திலும் இருந்தது. இரண்டும் பொய்யல்ல. நம் நாட்டின் ஸ்பிரிங்பாக் ரேடியோ தன் வெற்றிப் பட்டியலை 1965இல்தான் தொடங்கியது. ஆகவே அதற்கு முந்தைய மாதங்களுக்கு அமெரிக்க, பிரிட்டன் பட்டியல்களையே நாட வேண்டும்.

என் அறிவுரை, அமெரிக்கப் பட்டியலையும் ஒரு பிரிட்டன் பட்டியலையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதாகும். இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ, அங்கேதான் புதையல் கிடைக்கிறது. ஐக் - டினா டர்னர் பெயரில் 1966இல் வந்த 'ரிவர் டீப் - மவுன்டன் ஹை' பிரிட்டனில் மூன்றாம் இடம்வரை ஏறியது. அமெரிக்காவில் 88ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. பீச் பாய்ஸ் குழுவின் 'காட் ஒன்லி நோஸ்' பிரிட்டனில் இரண்டாம் இடம் பெற்றது. சொந்த நாட்டில் இசைத்தட்டின் மறுபக்கத்தில் போடப்பட்டு 39ஆம் இடத்தைத்தான் தொட்டது. அமெரிக்கப் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர் இந்த இரண்டையும் தவறவிட்டிருப்பார்.

பட்டியலில் ஓட்டைகளும் உண்டு; நம் நாட்டினர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பீட்டில்ஸ் குழுவினர் ஏசுநாதரைவிடப் பிரபலமாகிவிட்டதாக ஜான் லெனன் கூறிய பேச்சு 1966 ஆகஸ்டில் பெரும் சர்ச்சையானபோது, தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் அவர்கள் பாடல்களைத் தன் நிலையங்களில் தடை செய்தது. அத்தடை 1971இல்தான் நீங்கியது. 'எலினார் ரிக்பி' வெளிவந்ததும் அதே ஆகஸ்டில்தான். அந்தப் பாட்டு எங்கள் இளமையில் இல்லை என்று ஒருவர் சொன்னால், அதில் பாட்டின் குற்றம் எதுவும் இல்லை. பிரிட்டன் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் 1964 டிசம்பரில் கேப் டவுன் அருகே எல்லா இனத்தவரும் சேர்ந்து அமர்ந்திருந்த அரங்கில் பாடியதற்காக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். அவருடைய 'யூ டோன்ட் ஹாவ் டு சே யூ லவ் மீ' 1966இல் பிரிட்டனில் முதல் இடம் பெற்றது. இத்தாலியப் பாட்டொன்றின் மெட்டுக்கு ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டது அது. நினைவுப் பட்டியலில் இல்லாத பாடல்களில் எவை நமக்குக் கேட்கக் கிடைக்கவே இல்லை என்று தனியே குறித்துக்கொண்டு, அவற்றை முதன்முறை கேட்பவரைப்போல் கேட்பதே நியாயம்.

கேட்கும் வரிசைக்கு வருவோம். மூன்று ஆண்டுகள் என்றால் ஏறத்தாழ 156 வாரங்கள். ஒவ்வொரு வாரத்தையும் கேட்க முயல்பவர் 1964 மார்ச்சைத் தாண்டமாட்டார். ஒவ்வொரு மாதத்தின் முதல் வாரப் பட்டியலை மட்டும் எடுத்து, முதல் பத்து இடங்களைக் கேட்டால் போதும். பல பாடல்கள் அடுத்த மாதமும் தொடர்வதால், ஒரு அமர்வுக்குப் புதிதாக ஆறு அல்லது ஏழு பாடல்களே மிஞ்சும். வாரம் ஒரு அமர்வு என்று வைத்தால் 36 ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும். 1964 ஏப்ரலில் தொடங்கி, அதற்கு முந்தைய மூன்று மாதங்களைக் கடைசியில் கேட்கலாம் என்பது என் யோசனை. அம்மாதம் 4ஆம் தேதிய பில்போர்டு பட்டியலில் முதல் ஐந்து இடங்களும் பீட்டில்ஸ் பாடல்களே என்பதால், அந்த அலை மற்றவர்களை எப்படி அமுக்கியது என்பதை ஒரே பார்வையில் காணலாம். அதன் பின் 1964 ஆகஸ்டு முதல் 1965 ஜூன் வரை சுப்ரீம்ஸ் என்னும் மூன்று பெண்கள் தொடர்ந்து ஐந்து பாடல்களை அமெரிக்காவின் முதல் இடத்துக்குக் கொண்டுபோனதைக் காணும்போது, அந்த அலைக்கு நடுவிலும் டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் கால் ஊன்றி நின்றது புரியும்.

முதல் இடம் என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். சாம் தி ஷாம் குழுவின் 'வூலி புல்லி' எந்த வாரமும் முதல் இடத்துக்கு வரவில்லை. ஆனால் 1965ஆம் ஆண்டு முழுவதற்குமான பில்போர்டு பட்டியலில் முதலாவதாக நின்றது. பாப் டிலனின் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' இரண்டாம் இடத்தோடு சரி. பிரிட்டனில் அதே ஆண்டு மிக அதிகமாக விற்ற தனிப்பாடல், பீட்டில்ஸும் இல்லை, ஸ்டோன்ஸும் இல்லை. கென் டாட் என்னும் நகைச்சுவைக் கலைஞர் பாடிய 'டியர்ஸ்'. இன்று அதைத் தேடிக் கேட்பவர் அரிது. விற்பனை ஒரு செய்தி. அதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

எந்தப் பதிவைக் கேட்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். ஊரில் ஒரு கடையில் அறுபதுகளின் வெற்றிப் பாடல்கள் என்று அட்டையில் போட்டிருந்த தொகுப்பை வாங்கி வந்து கேட்டபோது, குரல் அதேபோல் இருந்தும் உயிர் இல்லாமல் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அதே பாடகர்கள் முதுமையில் மறுபடி பாடிய பதிவு அது என்று அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகே கண்டேன். யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்றவற்றிலும் இத்தகைய மறுபதிவுகள் மலிந்துள்ளன. பாடலின் பக்கத்தில் எந்த ஆண்டுப் பதிவு என்று பார்க்க வேண்டும். இரு காதிலும் ஒரே ஒலி விழும் மோனோ பதிவு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்நாள் சிறிய இசைத்தட்டுகள் பெரும்பாலும் மோனோவில்தான் வெளிவந்தன. அக்கால ஸ்டீரியோப் பதிவுகள் பலவற்றில் குரல் ஒரு காதிலும் வாத்தியங்கள் மறு காதிலும் விழுவதால், பந்தியில் சோறு ஒரு வரிசையிலும் குழம்பு மறு வரிசையிலும் பரிமாறியதைப் போல இருக்கும்.

நீளத்தையும் சரிபார்ப்பது நல்லது. அனிமல்ஸ் குழுவின் 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' நாலரை நிமிடப் பாட்டு. அமெரிக்க இசைத்தட்டில் அதை மூன்று நிமிடத்துக்குள் வெட்டிவிட்டார்கள், வெட்டியதில் போனது ஆர்கன் வாசிப்பின் பெரும்பகுதி. ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய 'யூ'வ் லாஸ்ட் தட் லவ்விங் ஃபீலிங்' இதற்கு நேர்மாறு: 3 நிமிடம் 45 நொடி ஓடும் பாட்டு நீளமானது என்று வானொலிக்காரர்கள் ஒதுக்கிவிடக் கூடாதே என்பதற்காகத் தட்டின் மேல் 3:05 என்று அச்சிட்டார்கள். சைமன் - கார்ஃபங்கல் இருவரும் பாடிய 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டில் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது ஒரு பாடமே. 1964இல் வெறும் கிதாருடன் வந்தபோது அது விலைபோகவில்லை; மறு ஆண்டு டாம் வில்சன் என்ற தயாரிப்பாளர், பாடிய இருவருக்கும் தெரியாமலே அதன்மேல் மின்கிதாரும் டிரம்மும் ஏற்றினார்; 1966 ஜனவரியில் அது அமெரிக்காவின் முதல் இடத்தில் இருந்தது.

ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை, வேலை செய்துகொண்டே, சிறிய ஒலிபெருக்கியில். ஏனெனில் இப்பாடல்கள் கார் வானொலியிலும் டிரான்சிஸ்டரிலும் எடுபடும்படி கலக்கப்பட்டவை, ஞாயிறு மதிய பிரியாணிக்கு வெங்காயம் வதக்கும் சத்தத்தைத் தாண்டி நம்மைத் திரும்பிப் பார்க்கவைக்கிறதா என்பதே முதல் தேர்வு. இரண்டாம் முறை, தலையில் மாட்டும் ஹெட்போனில், பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸ் கிதாரை மட்டும் பின்தொடர வேண்டும். மோட்டவுன் பாடல்களில் இந்தப் பயிற்சி பெரும் பலன் தரும். ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ், பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடுவது அப்போதுதான் தெரியும். மூன்றாம் முறை, ஒரு வாரம் கழித்து. ஆனால் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்க்க வேண்டும். பல்லவி மட்டும் வந்து சரணம் வரவில்லையென்றால், அது விளம்பர மெட்டைப்போலக் காதில் ஒட்டிய பாட்டு; தேர்வுக்கு அவசரப்பட வேண்டாம்.

நம் காதுக்கென்று ஒரு தனி வசதி உண்டு. தம்புராவின் சுருதியில் வளர்ந்தவர்களுக்கு, கிங்க்ஸ் குழு 1965இல் வெளியிட்ட 'சீ மை ஃபிரண்ட்ஸ்' அன்னியமாகத் தோன்றாது. அதில் சிதார் கிடையாது. கிதாரையே விடாமல் ஒரே சுருதியில் ஒலிக்கவைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா செல்லும் வழியில் பம்பாயில் தங்கிய அக்குழுவின் பாடகர் ரே டேவிஸ், அதிகாலையில் மீனவர்கள் பாடிக்கொண்டு போனதைக் கேட்டதே அதற்கு வித்து. பிரிட்டனில் அது பத்தாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. மறு ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'பெயின்ட் இட் பிளாக்' பாட்டில் பிரையன் ஜோன்ஸ் உண்மையான சிதாரையே வாசித்து, பாட்டு இரு நாடுகளிலும் முதல் இடம் பெற்றது. இரண்டையும் பத்து முறையாவது ஒப்பிட்டிருக்கிறேன். சிதார் இல்லாத பாட்டில்தான் நம் ஊர் இருக்கிறது என்பது என் தீர்ப்பு.

இறுதித் தேர்வுக்கு மதிப்பெண் முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏழும் எட்டுமாகப் போட்டு, கடைசியில் எல்லாப் பாட்டும் எட்டரையில் வந்து நிற்கும். இரண்டிரண்டாக மோதவிடுவதே நல்லது. ஒரு துண்டுத் தாளில் ஒரு பாட்டு என்று எழுதி, இரண்டை எடுத்து, இன்று இரவு ஒன்றைத்தான் கேட்க அனுமதி என்றால் எதைக் கேட்பேன் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். தோற்ற தாளைக் கிழித்துப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டுவைத்து, மறுநாள் இன்னொரு பாட்டோடு மோதவிட வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரே இடம் என்ற விதியையும் முதல் சுற்றில் கடைப்பிடிக்கலாம். இல்லாவிட்டால் பீட்டில்ஸ் பாதிப் பட்டியலைத் தின்றுவிடும். என் வரிசையில் இப்போது ஃபோர் டாப்ஸ் குழுவின் 'ரீச் அவுட்' முதலில் நிற்கிறது. அதை அடுத்து 'காட் ஒன்லி நோஸ்', 'சீ மை ஃபிரண்ட்ஸ்', டியோன் வார்விக் 1964இல் பாடிய 'வாக் ஆன் பை'. நினைவுத் தாளைப் பிரித்துப் பார்த்தபோது இந்த நான்கில் ஒன்று மட்டுமே அதில் இருந்தது.

கூட உட்கார்ந்து கேட்க ஒருவர் இருப்பது நல்லது. ஆனால் இருவரும் தனித்தனியே எழுதி முடித்த பிறகே பேச வேண்டும். நான் இதை மறந்து, அக்காவின் எதிரில் ஜிம் ரீவ்ஸைப் பற்றி வாய்விட்டேன். 1964 ஜூலையில் விமான விபத்தில் இறந்த அவருடைய 'டிஸ்டன்ட் டிரம்ஸ்', இரண்டு ஆண்டுகள் கழித்து 1966 செப்டம்பர் முதல் பிரிட்டனின் முதல் இடத்தில் ஐந்து வாரங்கள் இருந்தது. இந்நாட்டிலேயே ஒரு படத்தில் நடித்து, ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் பாடிய அவருக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பக்தர் உண்டு. அந்த இடத்துக்கு அது தகுதியில்லாத பாட்டு என்று நான் சொன்னேன். அக்கா ஒன்றும் பேசாமல் தன் தாளை எடுத்து, நான்காம் எண்ணில் இருந்த அந்தப் பாட்டை அடித்துவிட்டு முதல் எண்ணில் எழுதிக்கொண்டார். 36 வாரங்களில் இன்னும் ஒன்பது மீதம் இருக்கின்றன. இப்போது அக்காவின் தாள் சமையலறை அலமாரியிலும் என் தாள் என் சட்டைப் பையிலும் இருக்கின்றன.