லினக்ஸ் லேப்டாப்பைப் பூட்டும்போது செய்யக்கூடாதவை

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் புதிதாக லினக்ஸ் பழகும் பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் சொல்லிக்கொடுக்கிறேன். நாங்கள் பழகிய காலத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். '1234' என்று பாஸ்வேர்டு வைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கன்சோலில் நுழைந்துவிட்டு வெளியேறாமல் வருவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். டெஸ்க்டாப் உறைந்து நிற்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, கன்சோல் என்கிற கருப்புத் திரையில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, சிக்கிக்கொண்ட புரோகிராமை நிறுத்திவிட்டு டெஸ்க்டாப்புக்குத் திரும்புவார்கள். சரி, வேலை முடிந்தது. அந்தக் கருப்புத் திரையோ அவர்கள் பெயரில் திறந்தபடியே கிடக்கும்.

எபேனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இப்படித்தான் டோல் பூரி வாங்கப் போனான். வந்து பார்த்தால் டெஸ்க்டாப் திறந்திருக்கிறது. "அண்ணா, பூட்டிவிட்டுத்தான் போனேன்" என்றான். உண்மைதான், பூட்டியிருந்தான். யார் எதைப் பார்த்தார்கள் என்று தெரியாததால் சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகள் அத்தனையும் மாற்ற வேண்டியதாயிற்று. தைப்பூச விடுமுறை அதிலேயே போனது. காவடி பார்க்கக்கூட அவனால் வர முடியவில்லை.

டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11இல் ஐ3லாக் போன்ற திரைப்பூட்டும் உங்கள் பெயரில் ஓடும் சாதாரண புரோகிராம்தான். உங்கள் பெயரில் திறந்த கன்சோலிலிருந்து யார் வேண்டுமானாலும் அதை நிறுத்தலாம். நிறுத்தியதும் திரை திறந்துவிடும். அதற்குப் பின் வந்த வேலண்டில் ஓடும் ஸ்வே போன்ற டெஸ்க்டாப்களின் புதிய பதிப்புகளில் பூட்டு செத்தாலும் திரை திறக்காது. ஆனாலும் கன்சோலில் இருப்பவர் உங்கள் கோப்புகளைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம்.

ஆகவே திரும்பும் முன் 'எக்ஸிட்' (exit) அடியுங்கள். சந்தேகமா? 'ஹூ' (who) என்று கொடுத்தால், எஃப்3இல் நுழைந்தது 'டிடிஒய்3' (tty3) என்று தனி வரியில் தெரியும். மறதி உள்ளவர்கள் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் பாஷில் 'டிஎம்அவுட்' (TMOUT) மதிப்பை 300 ஆக வையுங்கள். 5 நிமிடம் சும்மா கிடந்தால் தானே வெளியேறிவிடும்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது

2021 ஜனவரியில் தெரியவந்த லினக்ஸ் மின்ட் ஓட்டையைக் கண்டுபிடித்தது சின்னப் பிள்ளைகள். கீபோர்டிலும் திரையில் தெரியும் கீபோர்டிலும் கண்டபடி தட்டியதில் மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பின் பூட்டுத்திரை விழுந்து டெஸ்க்டாப் திறந்துகொண்டது. திருத்தம் வந்துவிட்டது, போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் அது உதவும்.

மூடியைச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும் என்று நம்புவது

ஐ3 என்கிற விண்டோ மேனேஜரில் அதற்கான ஏற்பாடு இல்லாவிட்டால் லேப்டாப் தூங்கும், பூட்டாது.

பூட்டுத்திரையே போதும் என்பது

லேப்டாப்பே திருடு போனால் டிஸ்க்கைக் கழற்றிப் படித்துவிடுவார்கள். டிஸ்க்கையே குறியாக்கம் செய்யும் லக்ஸ் (LUKS) போடுங்கள்.