ஒர்க்‌ஷாப் ஆயில் மழைநீர் வடிகாலுக்குப் போகாமலிருக்க

சென்னையில் தெருவோர மழைநீர் வடிகாலுக்குள் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று ஏதோ ஒன்றில் அப்படியே கலக்கிறது. வண்டி சர்வீஸ் ஒர்க்‌ஷாப் நடத்துபவர்கள் இதற்கான வேலையை அக்டோபர் மழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

வளாகத்திலுள்ள ஒவ்வொரு வடிகால் வாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். சமையல் கலர் பொடி ஒரு சிட்டிகை கலந்தால் தடம் தெரியும். வாட்டர் வாஷ் தளத்தின் குழாய் மழைநீர் வடிகாலில் சேர்ந்திருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆயில் பேரல்களுக்குக் கூரையும் சுற்றுவரம்பும் வேண்டும். வரம்புக்குள் இருக்கும் மிகப் பெரிய கலனின் கொள்ளளவில் 110 சதவீதம் தேங்க இடம் வேண்டும் என்பது கணக்கு. 200 லிட்டர் பேரலுக்கு 220 லிட்டர். இரண்டுக்கு இரண்டு மீட்டர் தளத்தில் 15 செ.மீ. வரம்பு கட்டினால், நான்கு பேரல் அடைக்கும் இடம் போக, தாராளமாகப் போதும். வரம்பில் வால்வு வைத்தால் அது எப்போதும் மூடியே இருக்கட்டும். சாரலில் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறம் மிதந்தால் திறக்கவே கூடாது.

வாஷ் தண்ணீரிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் தொட்டி கட்டியவர்கள் பலர் கோட்டைவிடுவது கூரைத் தண்ணீரில். தண்ணீர் நிதானமாக நகர்ந்தால்தான் ஆயில் மேலே மிதந்து பிரியும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். அத்தனையும் அந்தத் தொட்டிக்குள் இறங்கினால், மாதக்கணக்கில் பிடித்து வைத்த ஆயிலையும் அடித்துக்கொண்டு போய்விடும். கூரைக் குழாயைத் தனியாக மழைநீர் சேகரிப்புக் குழிக்கு விடுங்கள். வாஷ் தளத்துக்கும் கூரை போட்டு, விளிம்பில் 10 செ.மீ. மேடு கட்டுங்கள். சோப்பு அதிகமானால் ஆயில் பால்போலத் தண்ணீரில் கரைந்து நின்றுவிடும். பிறகு எந்தத் தொட்டியாலும் அதைப் பிரிக்க முடியாது. அதனால் ஷாம்பூவை அளந்து கொடுங்கள். தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயில் கீழ்நோக்கிய எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) போட மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் மிதக்கும் ஆயில்தான் முதலில் வெளியே போகும்.

தரையில் சிந்தினால் ஹோஸ் பைப்பைத் தொடாதீர்கள். மரத்தூளைத் தூவி, ஊறவிட்டுப் பெருக்கி, மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். அந்தத் தூளைக் கொளுத்தவோ குப்பை வண்டியில் போடவோ கூடாது. கழிவு ஆயிலும் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவுதான். பொதுவாக 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்காமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீதை வாங்கி வையுங்கள்.