அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள்

குழந்தைக்கு வாரக்கணக்கில் மூக்கடைப்பும் விடியற்காலை இருமலும் இருந்தால், தூசியை மட்டும் குறை சொல்லாதீர்கள். படுக்கையறை அலமாரியை நகர்த்திச் சுவரைப் பாருங்கள். சிங்கப்பூர்க் காற்றில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும். இரவெல்லாம் குளிர்சாதனத்தால் குளிர்ந்த சுவரில், காலையில் சன்னலைத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. காற்றோட்டமே இல்லாத அந்த இடுக்கில்தான் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும்.

இதை அலட்சியப்படுத்த வேண்டாம். சிறுவயதில் பூஞ்சை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆஸ்துமா வரவும், வளர்ந்த பிறகும் அது நீடிக்கவும் வாய்ப்பு அதிகம். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் சுவாசக் கோளாறுகள் கூடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது.

அலமாரிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மழை நாளில் ஈரத்துணியைக் குழந்தையின் அறையில் காயப்போடவே கூடாது. மலிவான ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள்; அறையில் 60 விழுக்காட்டுக்குள் வைக்கப் பாருங்கள். பூஞ்சையைத் துடைக்கும்போது குழந்தை அங்கே இருக்க வேண்டாம். கறைமேல் சாயம் பூசினால் அது மீண்டும் வரும், சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும். இருமலோடு இழுப்பும் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டி, ஒவ்வாமைப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.