புது கேமிங் மானிட்டர் வந்த முதல் வாரம்: திரையைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் (திரை ஒரு விநாடியில் இத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கியவர்கள் சொல்லும் குறைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். "பழைய மானிட்டருக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியலை", "கறுப்பு கறுப்பா இல்லை", "மூலையில வெளிச்சம் கசியுது". இவற்றில் பாதிக்கு மேல் செட்டிங்ஸிலேயே சரியாகிவிடும். மீதிதான் பேனலின், அதாவது படம் காட்டும் திரைப் பலகையின் குறை. எது எந்த வகை என்று திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தெரிந்தாக வேண்டும். அதனால் அதுவரை அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.

1. கேபிள்

கேபிளை மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் செருகாமல், கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மானிட்டரோடு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வீட்டில் கிடக்கும் பழைய எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டால் முழு வேகம் கிடைக்காமல் போகலாம்.

2. வேகத்தை நீங்களே மாற்ற வேண்டும்

புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும். அதில் உச்ச எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

மாறிவிட்டதா என்று பார்க்க மவுஸை வட்டமாகச் சுற்றுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி விநாடிதான். அதனால் அம்புக்குறியின் பிம்பங்கள் முன்பைவிட நெருக்கமாகத் தெரியும். கேமுக்குள்ளும் ஒருமுறை பாருங்கள், சில கேம்கள் தனியாக 60 என்று வைத்திருக்கும்.

3. புள்ளிகள்

திரையைத் துணியால் துடைத்துவிட்டு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் வைத்துப் பாருங்கள். எல்லா நிறத்திலும் கறுப்பாகவே இருந்தால் டெட் பிக்சல். ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஸ்டக் பிக்சல். ஒன்றிரண்டு புள்ளிகளைப் பல நிறுவனங்களின் வாரண்டி குறையாகவே ஏற்பதில்லை. ஆகவே புள்ளி கண்ணில் பட்டால் வாரண்டியை நம்பி நாளைக் கடத்தாமல், விற்றவரிடம் மாற்றிக் கேளுங்கள்.

4. வெளிச்சக் கசிவு

இதில்தான் வீணாகப் பயப்படுபவர்கள் அதிகம். மானிட்டரை அரை மணி நேரம் ஓட விடுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வழக்கமான பிரைட்னஸிலேயே கறுப்புப் படத்தை வையுங்கள். கீழ் மூலையில் ஒரு மங்கிய ஒளி தெரிகிறதா? தலையை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். ஒளியும் கூடவே நகர்ந்து, கூடிக் குறைந்தால் அது ஐபிஎஸ் க்ளோ. ஐபிஎஸ் என்ற பேனல் வகையின் இயல்பு அது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலே குறையும். எங்கிருந்து பார்த்தாலும் ஓரத்தில் ஒரே இடத்தில் திட்டாக நின்றால் அதுதான் கசிவு.

போன் கேமராவில் எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருட்டில் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதால் நல்ல பேனல்கூடப் பயங்கரமாகத் தெரியும். கண்ணால் பாருங்கள்; கேம் ஓடும்போது உறுத்துகிறதா என்று பாருங்கள்.

5. அசையும் படம்

பிரவுசரில் டெஸ்ட் யூஎஃப்ஓ தளத்தைத் திறந்தால் ஒரு பறக்கும் தட்டு ஓடும். கண்ணால் அதைத் துரத்திக்கொண்டே மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவை (புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் செட்டிங்) மாற்றுங்கள். சில மானிட்டர்களில் இதன் பெயர் ரெஸ்பான்ஸ் டைம். குறைவாக வைத்தால் பின்னால் மங்கலான வால் வரும். உச்சத்தில் வைத்தால் வால் போய், ஓரத்தில் வெளிறிய இன்னொரு நிழல் முளைக்கும். பெட்டியில் அச்சிட்ட 1 மில்லி விநாடி பெரும்பாலும் அந்த உச்ச நிலையில் எடுத்த கணக்கு. நடு நிலைதான் பெரும்பாலும் கண்ணுக்கு இதம்.

நான் முதலில் வாங்கியது 27 அங்குல மானிட்டர், விஏ என்ற இன்னொரு வகைப் பேனல். கறுப்பு அருமையாக இருந்தது. ஆனால் கேமில் இரவுத் தெருவில் திரும்பும்போதெல்லாம் தூண்களின் இருண்ட ஓரம் ஈர மையை விரலால் இழுத்தது போலப் பின்னால் நீண்டது. செட்டிங்ஸில்தான் ஏதோ தவறு என்று நினைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன், அதற்குள் திருப்பும் கெடு முடிந்துவிட்டது. கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறப் பல விஏ பேனல்கள் திணறும் என்று பிறகுதான் தெரிந்தது. ஓவர்டிரைவால் அது முழுதாகப் போகாது. இருட்டுக் காட்சி அதிகமுள்ள கேமை முதல் நாளே ஓட்டிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

6. நிறம்

கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலில் டைனமிக் ரேஞ்சை "ஃபுல்" என்று மாற்றுங்கள், எச்டிஎம்ஐயில் இது அடிக்கடி "லிமிடெட்" ஆகிவிடும். முகங்கள் ஆரஞ்சாகத் தெரிந்தால் மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு (நிறங்களை வழக்கமான அளவுக்குள் வைக்கும் நிலை) இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம், எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் அழுத்தமாகக் காட்டும் வசதி) இருப்பதாகச் சொல்லும் டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்கு உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) எட்ட வேண்டும், அவ்வளவு பெரிய அளவல்ல அது; இருண்ட பகுதியில் மட்டும் பின்விளக்கைக் குறைக்கும் வசதி கட்டாயமில்லை. அப்படிப்பட்ட மானிட்டரில் பெரும்பாலும் எச்டிஆரை அணைத்து வைத்தாலே படம் நன்றாக இருக்கும்.

7. மினுக்கல்

ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் (கேம் தரும் ஃபிரேம்களுக்கு, அதாவது படங்களுக்கு ஏற்ப மானிட்டரின் வேகத்தை மாற்றும் வசதி) போட்டதும் லோடிங் திரையிலும் இருட்டுக் காட்சியிலும் வெளிச்சம் துடிக்கிறதா? விஏ, ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் பேனல்) இரண்டிலும் இது வரலாம். கேமின் ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்குவதுதான் காரணம். உங்கள் கார்டு எப்போதும் எட்டும் ஓர் எண்ணில், உதாரணமாக 100-இல், ஃபிரேமைக் கட்டிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் துடித்தால் அந்த வசதியை அணைத்துவிட்டு இரண்டு நாள் விளையாடுங்கள். அது இல்லாமல் படம் கிழிவது (பாதிப் படம் பழையதும் பாதி புதியதுமாகத் தெரிவது) பொறுக்க முடியவில்லை என்றால், தெர்மோகோலை எடுத்து மானிட்டரைப் பத்திரமாக உள்ளே வைத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.