வாழ்த்து அட்டை: மடிப்புப் பலகை முதல் உறை வரை வீட்டுச் சாமானிலேயே

வாழ்த்து அட்டை செய்வதற்கென்று விற்கும் கருவிகளில் முக்கால்வாசியை வீட்டில் கிடக்கும் சாமானிலேயே செய்துகொள்ளலாம். மூன்றை மட்டும் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்: ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல், நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர், நல்ல அட்டை. பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தை பிளேடு ஒருமுறை சீவிவிட்டால் போதும், பிறகு வெட்டும் கோடெல்லாம் அந்த இடத்தில் வளையும். மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாமல் பிய்க்கும். ஓரத்தில் வெள்ளை நார் தெரிய ஆரம்பித்தால் நுனியை ஒடிக்கும் நேரம் வந்துவிட்டது.

அட்டை 220 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருக்கட்டும். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70–80 ஜி.எஸ்.எம்.; அதில் செய்த அட்டை நிற்க வைத்தால் குனிந்துவிடும். பழைய அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கம், சட்டைப் பெட்டிக்குள் வரும் அட்டை எல்லாம் அலங்காரத் துண்டுகளுக்கு உதவும். அடிப்படை அட்டைக்கு மட்டும் புதுத் தாளே சரி.

முதலில் நார் பார்க்க வேண்டும்

மடித்த இடத்தில் அட்டை வெடிப்பதற்கு நம் கை காரணமில்லை, பெரும்பாலும் நார்தான் காரணம். தாள் தயாராகும்போது அதிலுள்ள நார்கள் ஒரே திசையில் படிகின்றன. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து, ஓரம் பிசிறடிக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஏ4 அட்டையை மேசையில் வைத்து, நீளப் பக்கங்களை ஒன்றையொன்று நோக்கி வளையுங்கள். மடிப்பு விழக் கூடாது, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். அடுத்து அகலப் பக்கங்களை அதேபோல் வளையுங்கள். எப்படி வளைக்கும்போது எதிர்ப்பு குறைவோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசைதான் நாரின் திசை.

இதை வைத்துத்தான் ஏ4-ஐ எப்படி வெட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஏ4 என்பது 210 × 297 மி.மீ. நார் நீளவாக்கில் ஓடினால் 297-ஐப் பாதியாக வெட்டி, கிடைக்கும் 210 × 148 துண்டை 105-இல் மடியுங்கள். நார் அகலவாக்கில் ஓடினால் 210-ஐப் பாதியாக வெட்டி, 105 × 297 பட்டையை நடுவில் மடியுங்கள். இரண்டிலும் கிடைப்பது 105 × 148 அளவு அட்டையே. இரண்டிலும் மடிப்பு நாரோடு போகும். முதலாவது புத்தகம்போல் திறக்கும், இரண்டாவதைக் கூடாரம்போல் நிறுத்தலாம்.

மடிப்புப் பலகை

மடிக்க வேண்டிய இடத்தில் கோடு கீறுவதற்காகக் கடையில் விற்கும் மடிப்புப் பலகையில் இருப்பது ஒரு பள்ளம்தான். அந்தப் பள்ளத்தை நாமே செய்துகொள்ளலாம்.

அடிப்பலகைக்கு 2 மி.மீ. கெட்டி அட்டை, ஏறக்குறைய 320 × 230 மி.மீ. அளவில். அதன் மேல் ஒட்ட, நோட்டுப் புத்தக மேலட்டை மாதிரி 1 மி.மீ. கனமுள்ள அட்டையில் இரண்டு துண்டுகள். இரண்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிதான் பள்ளம். கோடு கீறும் பேனா ரீஃபிலின் முனை 1 மி.மீ. என்றால், அதோடு மடிக்கப்போகும் அட்டையின் கனத்தைப் போல் இரு மடங்கைக் கூட்ட வேண்டும், மொத்தம் 1.5 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். அளந்து வைப்பதைவிட, பயன்படாத இரண்டு ஏ.டி.எம். கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, செங்குத்தாக இடையில் நிறுத்திவிடுங்கள். ஒரு கார்டின் கனம் 0.76 மி.மீ.; இரண்டும் சேர்ந்து சரியான இடைவெளி. துண்டுகளை கார்டோடு நெருக்கி ஒட்டி, பசை இறுகுவதற்கு முன் கார்டுகளை உருவிவிடுங்கள். இல்லையென்றால் அவையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

210 × 148 துண்டை மடிக்க, பள்ளத்தின் நடுவிலிருந்து சரியாக 105 மி.மீ. இடப்பக்கம் தள்ளி, 10 மி.மீ. அகல அட்டைப் பட்டை ஒன்றை வேலியாக ஒட்டுங்கள். மேல் ஓரத்திலும் ஒன்று. இரண்டு வேலியும் செங்கோணத்தில் இருக்கிறதா என்று பார்க்க, புது ஏ4 தாளின் மூலையை வைத்துப் பாருங்கள். இங்கே அரை மில்லிமீட்டர் கோணினாலும், செய்யும் ஒவ்வொரு அட்டையிலும் முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்தாமல் நிற்கும்.

கீறுவதற்கு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று வேறு தாளில் நாலு முறை கிறுக்கிப் பாருங்கள்; தீர்ந்ததாக நடிக்கும் ரீஃபில், நல்ல அட்டையில் வைத்த உடனே ஒரு சொட்டு விடும். அட்டையை வேலியில் முட்டும்படி வைத்து, பள்ளத்தின் மேல் லேசாக ஒரு கோடு, பிறகு கொஞ்சம் அழுத்தி இரண்டு. முதல் கோட்டிலேயே அழுத்தினால் முனை பள்ளத்தின் ஓரத்தில் மோதி அட்டையைக் கிழிக்கும்.

இப்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கீறிய பக்கம் குழி, மறுபக்கம் சின்ன மேடு. மடிக்கும்போது மேடு உள்ளே போக வேண்டும். பார்த்தால் குழியை உள்ளே வைத்து மடிப்பதுதான் இயல்பு என்று தோன்றும். கைக்கு அப்படித்தான் வரும். அப்படி மடித்தால் மேடு வெளியே போய், அங்கேயிருக்கும் நார் முழு இழுவையையும் தாங்க முடியாமல் வெடிக்கும். மேடு உள்ளே இருந்தால் அது கீல் மாதிரி வேலை செய்யும். ஆகவே, கீறிய பக்கமே அட்டையின் வெளிப்பக்கம். மடித்தபின் மேலே ஒரு வெற்றுத்தாளை வைத்து, ஸ்பூனின் முதுகால் ஒரே இழுப்பு. தாள் வைக்காமல் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னும், அதை மாற்றவே முடியாது.

வெட்டுவது

ஸ்டீல் ஸ்கேலின் அடியில் மாஸ்கிங் டேப்பை இரண்டு இடத்தில் ஒட்டினால் வழுக்காது. பிளேடு சாயாமல், ஸ்கேலோடு ஒட்டி, லேசாக மூன்று இழுப்பு. ஒரே இழுப்பில் முடிக்க நினைக்கும்போதுதான் பிளேடு ஸ்கேல் மீது ஏறி விரலுக்கு வரும். ஸ்கேலைப் பிடிக்கும் விரல்கள் ஓரத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும். எப்போதும் வேண்டிய பக்கத்தை ஸ்கேல் மூடியிருக்க வேண்டும். கை தவறினாலும் வீணாவது கழிவுப் பக்கம்தான்.

அடுக்குகளும் பசையும்

அடுக்கு வைத்த அட்டைக்கு ஒவ்வோர் அடுக்கும் நாலா பக்கமும் 3 மி.மீ. குறைய வேண்டும். 105 × 148 அடிப்படைமேல் 99 × 142, அதன்மேல் 93 × 136. ஓரம் 3-க்குப் பதில் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 என்று போனால் கண்ணுக்கு உடனே தெரியும். இங்கே ஒரு சிக்கனம்: நடு அடுக்கின் மையம் எப்படியும் மறையப்போகிறது. ஓரத்தில் 12 மி.மீ. சட்டம் மட்டும் விட்டு, உள்ளே 75 × 118 அளவுக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தத் துண்டு அடுத்த அட்டைக்கு ஆகும்.

அதிகம் பேர் தடுமாறுவது பசையில்தான். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் பட்ட தாள் நாருக்குக் குறுக்கே விரியும். காயும்போது சுருங்கி, ஒட்டிய அட்டையையும் சேர்த்து இழுத்து வளைக்கும். பசையைக் கூட்டினால் நன்றாக ஒட்டும் என்று அள்ளித் தடவுவதுதான் வளைவதற்கு முதல் காரணம். ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளி மெல்லிய கோடு, நடுவில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் வேண்டும். பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி. அடுக்குகளின் நாரும் ஒரே திசையில் இருந்தால் பாதி வளைவு வரவே வராது.

மெல்லிய கோட்டுக்கு ஊசி கழற்றிய சிரிஞ்சும் பரவாயில்லை. கெட்டியான பிளாஸ்டிக் கவரை 12 × 12 செ.மீ. சதுரமாக வெட்டி, கோனாகச் சுருட்டி, நுனியில் ஊசி முனையளவு மட்டும் வெட்டினால் அதைவிட நன்றாக இருக்கும். வேலை முடிந்ததும் நுனியில் குண்டூசி ஒன்றைச் செருகி வைத்தால் அடைக்காது.

கையெழுத்துப் போட உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டுகிறீர்களா? மடிப்பு ஓரமாக, பின்பக்கத்தில் மட்டும் 5 மி.மீ. அகலத்துக்குப் பசை போடுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் அட்டையை மூடும்போது தாள் நடுவில் புடைக்கும்.

பூவையோ பெயரையோ எழுப்பிக் காட்ட ஃபோம் டேப் தேவையில்லை. பார்சல் பெட்டியின் நெளி அட்டையை 5 மி.மீ. சதுரங்களாக வெட்டி அடியில் கொடுங்கள். சுமார் 3 மி.மீ. உயரம் கிடைக்கும். ஓரத்துக்கு மிக அருகில் வைத்தால் பக்கவாட்டில் நெளி தெரியும்.

முத்திரை, ஸ்டென்சில், ஊசி

ரப்பர் முத்திரைக்குப் புது அழிரப்பர் நல்லது. அதன் வழுவழுப்பில் மை உருண்டுபோகும். முதலில் நைசான உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு. படத்தைப் பென்சிலால் தாளில் அழுத்தி வரைந்து, ரப்பர்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் தலைகீழாக இறங்கும். அச்சில் மறுபடி நேராகிவிடும். எழுத்துக்கும் இதே முறைதான், நீங்களாகத் திருப்பி எழுத வேண்டியதில்லை. செதுக்கும்போது பிளேடு கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கட்டும், மலையடிவாரம் மாதிரி. உள்பக்கம் குடைந்துவிட்டால் கோட்டுக்கு அடியில் ஆதாரம் போய், பத்தாவது அச்சில் பிய்ந்துவிடும்.

ஸ்டென்சிலுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். பாட்டில் மூடியில் சிறு ஸ்பாஞ்சை ஒட்டினால் அதுவே நிறம் ஒற்றும் கருவி. மையைத் தொட்டதும் நேராக அட்டைக்குப் போகாமல், கழிவுத்தாளில் மூன்று நான்கு முறை ஒற்றிவிட்டு வாருங்கள். ஸ்டென்சிலின் அடியில் நிறம் கசிகிறது என்றால், ஸ்பாஞ்சில் ஈரம் அதிகம். வேறு காரணம் எதுவும் தேட வேண்டாம்.

தையல் துளைக்கு, ஊசியின் காதுப்பக்கத்தை பென்சில் முனை ரப்பரில் செருகிப் பிடி செய்துகொள்ளுங்கள். கிராஃப் தாளை மேலே வைத்து 4 மி.மீ.க்கு ஒரு துளை, அடியில் தெர்மாகோல். 2 மி.மீ.க்குக் கீழே போனால் தபால்தலை ஓரம்போல அந்த வரிசையே கிழிந்து வரும்.

ஈர மைமேல் தூவி, சூட்டில் உருக்கி எழுத்தை மேடாக்கும் எம்பாஸிங் பவுடருக்கு ஹேர் டிரையர் ஆகாது. சூடு பத்தாது, காற்று வேறு பவுடரை ஊதிவிடும்.

உறை

105 × 148 அட்டைக்கு 200 மி.மீ. சதுரத் தாள் வேண்டும். ஏ4-இல் அடங்கிவிடும். வேறு அளவுக்கு: உறையின் நீளம், அகலம் இரண்டையும் அட்டையைவிட 5 மி.மீ. கூட்டி எடுத்து, இரண்டையும் கூட்டி, 1.414-ஆல் வகுத்து, 14 சேருங்கள். அந்த 14 மி.மீ.தான் பசை போடும் தையல் ஓரம். அட்டையில் எழுப்பிய வேலை இருந்தால் 5-க்குப் பதில் 10 கூட்டுங்கள்.

சதுரத்தின்மேல் அட்டையைக் குறுக்காகச் சாய்த்து வையுங்கள். அட்டையின் நான்கு மூலையும் அருகிலுள்ள தாள் ஓரத்திலிருந்து ஏறக்குறைய 10 மி.மீ. உள்ளே வர வேண்டும். அட்டையைச் சுற்றி 2.5 மி.மீ. தள்ளிக் கோடு கீறி, கோடுகள் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் தாள் ஓரம் வரை சின்ன ‘வி’ வெட்டி எடுங்கள். இந்த வெட்டை விட்டுவிட்டால் மூலையில் தாள் இரட்டித்துக் கசங்கும். முதலில் இரண்டு பக்க மடல், பிறகு கீழ் மடல். பசை கீழ் மடலின் சரிவு ஓரங்களில் மட்டும். நுனியில் அதிகம் வைத்தால் உள்ளே வழிந்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

மேல் மடலை நனைத்து ஒட்டுகிற மாதிரி வேண்டுமென்றால், கருவேலம்பிசின் கோந்தை மெல்லப் பூசிக் காயவிடுங்கள். வெள்ளைப் பசை காய்ந்தபின் நனைத்தால் பிடிக்காது; கோந்து பிடிக்கும். காயும்போது மடல் சுருளும், இரண்டு சொட்டு கிளிசரின் கலந்தால் சுருளுவது குறையும். செய்து அடுக்கி வைக்கும்போது ஒவ்வொரு மடலுக்கும் இடையில் ஒரு துண்டு பட்டர் பேப்பர் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் மழைநாளின் ஈரக்காற்றிலேயே மொத்தக் கட்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.