ரோண்தா பள்ளத்தாக்கில் காற்று முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி?

தெற்கு வேல்ஸின் ரோண்தா வௌர் பள்ளத்தாக்கு. வானிலைச் செயலியில் "தென்மேற்கு, மணிக்கு 20 மைல்" என்று இருக்கும். அங்குள்ள ட்ரெஓர்கி ஊரில் சில தெருக்களில் கொடித்துணிகூட அசையாது. அதே 20 மைல் வடமேற்கிலிருந்து வந்தால் குப்பைத்தொட்டி தெருமுனைக்கு உருண்டுவிடும். எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். திசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 1: பள்ளத்தாக்கின் திசை

வரைபடத்தில் பள்ளத்தாக்கின் மேல்முனை ஊரான ட்ரெஹெர்பர்ட்டிலிருந்து கீழ்முனை ஊரான போர்த் வரை ஒரு கோடு போடுங்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும். அந்தக் கோட்டுக்கு இணையான காற்று குழாய்க்குள் புகுந்ததுபோல நேராக ஓடும். குறுக்கே வருவது மேட்டைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். முன்னறிவிப்பில் சொல்லும் திசை, காற்று புறப்பட்டு வரும் திசை. வடக்கிலிருந்து வருவதை வாடை என்கிறோமே, அதே கணக்கு.

படி 2: இரண்டு எண்கள், இரண்டு இடங்கள்

சராசரி வேகம் என்பது 10 மீட்டர் உயரத்தில் 10 நிமிடச் சராசரி. வீச்சு என்பது மூன்று வினாடி உச்சம். கூரை ஓடுகளைப் பெயர்ப்பதும் வேலியைச் சாய்ப்பதும் வீச்சுதான். சராசரி 15, வீச்சு 40 என்றால் 40-க்குத் தயாராகுங்கள்.

பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் முன்னறிவிப்புக்குப் பயன்படுத்தும் நுண்ணிய கணினி மாதிரி, நாட்டை 1.5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. பள்ளத்தாக்கின் அடித்தளமோ பல இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லை. ஆகவே ஊரோடு சேர்த்து, 600 மீட்டர் உயரமுள்ள கிரெய்க் அ லின் மேட்டுக்கும் முன்னறிவிப்பைப் பாருங்கள்; மேலே என்ன ஓடுகிறது என்று தெரியும். வேகம் "நாட்" (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) அலகில் இருந்தால் 1.15-ஆலும், வினாடிக்கு மீட்டரில் இருந்தால் 2.24-ஆலும் பெருக்கினால் மணிக்கு மைல் கிடைக்கும்.

படி 3: குறுக்குக் காற்று

தென்மேற்குக் காற்றில், பள்ளத்தாக்கின் தென்மேற்குப் பக்கச் சரிவின் அடிவாரத் தெருக்களுக்கு மறைப்பு உண்டு. எதிர்ச்சரிவில் இருக்கும் வரிசை வீடுகள் முகத்தில் வாங்கும். ஆனால் மறைப்பை முழுதாக நம்பக் கூடாது: மேட்டைத் தாண்டிய காற்று சில நாள் உருளைபோலச் சுழன்று, அடிவாரத்தில் எதிர்த்திசையில் வீசும். மேகம் வடகிழக்கே ஓட, புகைபோக்கியின் புகை தென்மேற்கே சாய்ந்தால் இதுதான் நடக்கிறது. அப்போது வீச்சு எந்தப் பக்கமிருந்தும் வரலாம். ஏணி வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

படி 4: குளிர் முகப்பு கடக்கும் நேரம்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். மழை ஓய்ந்தது, வானம் வெளுத்தது, இனிக் காற்றும் அடங்கும் என்று நினைப்பார்கள். குளிர் முகப்பு (குளிர்ந்த காற்றுத்திரள் முன்னேறிவரும் விளிம்பு) கடந்ததும் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து மேற்கு அல்லது வடமேற்குக்குத் திரும்பும். சராசரி கொஞ்சம் குறைந்தாலும், இப்போது அது பள்ளத்தாக்கின் நீளத்தோடு ஓடுகிறது. மறைவில் இருந்த தெரு குழாயின் நடுவே வந்துவிடும். அழுத்த வரைபடத்தில் முக்கோணப் பற்கள் கொண்ட கோடு உங்கள் ஊரைத் தாண்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபட நேரம் உலகப் பொது நேரம். கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும்.

படி 5: தெளிந்த இரவு

மேகமும் பெருங்காற்றும் இல்லாத இரவில், சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து வழிந்து ஆற்றோடு இறங்கும். செயலி "காற்றில்லை" என்றாலும் இந்த மென்காற்று இருக்கும். உறைபனி முதலில் விழுவது அடிவாரத் தோட்டங்களில்தான்.

படி 6: அளந்து எழுதுங்கள்

கையடக்க அனிமோமீட்டரை (காற்றுவேகமானி)த் திறந்த புல்வெளியில் தலைக்கு மேல் பிடித்து 10 நிமிடம் பாருங்கள். அருகிலுள்ள சுவர், மரம் எவ்வளவு உயரமோ, அதைப்போலப் பத்து மடங்கு தள்ளி நில்லுங்கள். கூரை விளிம்பில் அளந்தால் கிடைப்பது கூரையின் காற்று. 2 மீட்டர் உயரத்தில் கிடைப்பது 10 மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கருவி 10 காட்டினால் 13 என்று எழுதுங்கள். பக்கத்திலேயே முன்னறிவிப்பின் எண்ணும் திசையும்.

எட்டுத் திசைக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் கலந்து சராசரி போட்டால் வடமேற்கின் பாய்ச்சலும் தென்மேற்கின் மறைப்பும் ஒன்றையொன்று அழித்துவிடும். பக்கத்துத் தெருக்காரர் உங்கள் நோட்டைக் கேட்டால் கொடுங்கள், ஆனால் அவர் வீடு எதிர்ச்சரிவில் என்றால் அவரும் தனியாக அளக்கத்தான் வேண்டும்.